நுரை அடங்கினால் வேலை முடிந்ததா?

பீர் ஆலை ஆய்வகத்தில் ஈஸ்ட்டை எண்ணி எண்ணியே கண்ணாடி பவர் ஏறியவன் நான். அதனால் புளிப்பது, நுரைப்பது, பொங்குவது என்று எந்தக் கடிதம் வந்தாலும் ஆசிரியர் என் மேசைக்குத் தள்ளிவிடுகிறார். போன மாதம் ஒருவர் சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்குவம் கேட்டிருந்தார். அதற்கு என் மனைவிதான் பதில் எழுத வேண்டும். மற்றவற்றுக்கு இதோ.

கேள்வி: ஐயா, என் மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். அங்கே கடையில் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லிச் சாறு டப்பா வாங்கி, 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் ஏல் என்ற பீரைத் தானே செய்கிறான். வாளி மூடியில் தண்ணீர் விட்ட ஒரு சின்னக் குழாய். ஈஸ்ட் போட்ட மறுநாள் வீடியோவில் காட்டினான், அதில் பொளக் பொளக் என்று விடாமல் குமிழி. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. "ஈஸ்ட் செம வேகம்மா, முடிஞ்சுபோச்சு, சனிக்கிழமை பாட்டில்ல அடைச்சிடுவேன்" என்கிறான். எனக்குக் கள்ளக்குறிச்சி நினைப்பு வந்து தூக்கம் போய்விட்டது. இது விஷமாகுமா? பாட்டில் வெடிக்குமா?
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, முதலில் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைக்கான ரசாயனம், சாராயத்தில் கலந்து விற்கப்பட்டது. பார்லி மால்ட்டை ஈஸ்ட் புளிக்க வைக்கும்போது அந்த மாதிரி ஆபத்தான அளவில் மெத்தனால் உண்டாகாது. உங்கள் பிள்ளை எதையும் காய்ச்சி வடிக்கவும் இல்லை. சட்டப் பயமும் வேண்டாம். இங்கிலாந்தில் சொந்தக் குடிக்கு வீட்டில் பீர் செய்ய 1963 முதல் லைசென்ஸும் கிடையாது, வரியும் கிடையாது.

பாட்டில் வெடிக்குமா என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. சனிக்கிழமை அடைத்தால் வெடிக்கலாம். அவனிடம் இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இனி அவனிடமே பேசுகிறேன்.

தம்பி, ஏர்லாக்கில், அதாவது மூடியிலுள்ள அந்தத் தண்ணீர்க் குழாயில் வரும் குமிழியை எண்ணி ஈஸ்ட்டின் வேகத்தைச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் வாளி மூடி பெரும்பாலும் முழுசாக இறுகாது. விளிம்பு வழியாக வாயு போய்க்கொண்டிருக்கும், குழாய் சும்மா இருக்கும். நேர்மாறாகவும் நடக்கும். வேலை என்றைக்கோ முடிந்திருக்கும், பகலில் ஹீட்டர் போட்டு அறை சூடானதும் திரவத்தில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறிக் குமிழி விடும். காற்றழுத்தம் குறைந்தாலும் விடும். மேலே கட்டிய நுரையும் அப்படித்தான். அது ஏறினால் வேலை நடக்கிறது என்று தெரியும், இறங்கினால் முடிந்தது என்று அர்த்தமில்லை.

அளக்க வேண்டியது அடர்த்தியை. பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்த பாலைப் பிடிப்பார்களே, ஹைட்ரோமீட்டரும் அதே கதைதான். சர்க்கரை நிறைய இருந்தால் தூக்கலாக மிதக்கும், சர்க்கரை சாராயமாக மாற மாற உள்ளே அமிழும். தண்ணீருக்கு 1.000. உன் டப்பா வகை ஏல் சாதாரணமாக 1.048 வாக்கில் தொடங்கும். 1.000 வரை இறங்காது, ஏனென்றால் மால்ட்டில் ஈஸ்ட்டுக்குப் பல் படாத டெக்ஸ்ட்ரின்கள் கொஞ்சம் மிஞ்சும். அதுதான் பீருக்கு உடம்பு தருகிறது. முக்கால் பங்கு இறங்கினால் 1.012. தொடக்கத்திலிருந்து முடிவைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் சாராய அளவு கிடைக்கும். இங்கே 0.036, அதாவது சுமார் 4.7 சதவீதம்.

ஒரு நல்ல ஏல், 19 அல்லது 20 டிகிரியில், ஏறக்குறைய இப்படிப் போகும். முதல் ராத்திரி ஒன்றும் தெரியாது. ஈஸ்ட் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, தன் உடம்பைத் தேற்றி, பெருகத் தயாராகிறது. 12 மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். இரண்டாம் நாள் 1.038. மூன்றாம் நாள் 1.020. நான்காம் நாள் 1.015. ஐந்தாம் நாள் 1.012. ஆறாம் நாளும் அதே 1.012. கவனித்தாயா, இரண்டு நாளில்தான் தடதடவென்று இறக்கம், சத்தமும் அப்போதுதான். கடைசிக் கால் பங்கு சத்தமே இல்லாமல் நடக்கிறது. நீ அடைக்க நினைப்பது இந்தக் கால் பங்கு மிச்சமிருக்கும்போதாக இருக்கலாம்.

அடைத்தால் என்ன ஆகும்? 1.020இல் மூடினால் 1.012 வரை 8 புள்ளி பாக்கி. ஒரு புள்ளிக்குச் சுமார் அரைப் பங்கு வாயு, அதாவது ஒரு லிட்டர் பீருக்கு அரை லிட்டர் கரியமில வாயு. 8 புள்ளிக்கு 4 பங்கு. ஏற்கெனவே கரைந்திருப்பது ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நுரை வரட்டும் என்று பாட்டிலில் போடும் சர்க்கரையால் இன்னும் ஒன்றரை. மொத்தம் 6 பங்கைத் தாண்டுகிறது. சாதாரண ஏலில் 2 முதல் 2.5 பங்குதான் இருக்கும், சாதாரண பீர் பாட்டிலும் அதை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகிறது. மிச்சத்தை உன் சமையலறைக் கூரையில் பார்க்கலாம். கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

சரி, என்ன செய்வது? வாளியிலிருந்து ஒரு டம்ளர் எடு. அதை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி வாயுவைப் போக்கு. இல்லாவிட்டால் குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடும், அளவு கூடுதலாகக் காட்டும். பெரும்பாலான கருவிகள் 20 டிகிரிக்குக் கணக்கிட்டவை, தண்டிலேயே எழுதியிருக்கும். அளந்ததை வாளியில் திரும்ப ஊற்றாதே, குடித்துப் பார். 48 மணி நேரம் கழித்து மறுபடி அள. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அது போதாது. லீட்ஸில் குளிர்காலம். ராத்திரி ஹீட்டர் அணைந்ததும் தரை 14 டிகிரிக்குப் போனால் ஏல் ஈஸ்ட் பல வகைகள் சோர்ந்து அடியில் படுத்துவிடும். அப்போது இன்றும் 1.022, நாளை மறுநாளும் 1.022. முடிந்துபோனதற்கும் தூங்கிப்போனதற்கும் ஹைட்ரோமீட்டரில் வித்தியாசம் தெரியாது. இந்தச் சாறு எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் பாதி தூரமா முழு தூரமா, வேகமா மந்தமா என்று பேசவே முடியும்.

தெரிந்துகொள்ளும் வழி ஆலைகளில் தினசரி வேலை. தொட்டிக்குப் போகும் சாற்றில் கால் லிட்டர் தனியாக எடுத்து, தேவைக்கு அதிகமாகவே ஈஸ்ட்டைக் கொட்டி, 25 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பான இடத்தில் வைத்து அடிக்கடி குலுக்குவோம். ருசி எப்படிப் போனாலும் கவலை இல்லை, குடிக்கப்போவதில்லை. ஓரிரண்டு நாளில் தின்ன முடிந்ததையெல்லாம் தின்றுவிடும். அப்போது காட்டும் எண்தான் அந்தச் சாற்றின் அடிமட்டம். பெரிய தொட்டி அதைத் தொடும்வரை யார் வந்து "முடிஞ்சுதா சார்?" என்று கேட்டாலும் இல்லை என்பேன். மேனேஜர் கேட்டாலும்தான்.

நீ இப்போதும் செய்யலாம். வாளியிலிருந்து ஒரு குவளை எடுத்து, புது ஈஸ்ட் ஒரு சிட்டிகை போட்டு, வாயைப் பஞ்சால் தளர்வாக அடைத்து, ஹீட்டருக்கு அருகில் வை. அது 1.011க்குப் போய், வாளி 1.022இல் நின்றால், ஈஸ்ட் தூங்குகிறது. வாளியை 20 டிகிரி அறைக்கு மாற்றி, அடியில் படிந்தது கலங்கும்படி மெதுவாக ஆட்டிவிடு, மூடியைத் திறக்காதே. இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் உண்மையாகவே முடிந்தது. அப்போதும் இரண்டு மூன்று நாள் அப்படியே விடு. இளம் பீரில் டைஅசிடைல் என்ற வெண்ணெய் வாசனைப் பொருள் இருக்கும், அதை ஈஸ்ட் தானே திரும்ப எடுத்துக்கொண்டு சுத்தம் செய்துவிடும். அவசரப்பட்டால் தியேட்டர் பாப்கார்ன் வாசனையில் பீர் கிடைக்கும்.

அம்மா, சனிக்கிழமை வேண்டாம், அடுத்த சனிக்கிழமை என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அதிகாலையில் இறக்கிய கள் மதியத்துக்குள் ஏறிவிடுகிறது. பீருக்கு மட்டும் ஏன் வாரக்கணக்கு? அந்த ஈஸ்ட் சோம்பேறியா?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: புதுச்சேரியில் கள்ளுக்கடைக்கு அனுமதி உண்டு என்பதால் தைரியமாகக் கேட்டுவிட்டீர்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 1987 முதல் இது வெறும் ஏக்கம்.

கள் இறக்கிய பிறகு புளிக்கத் தொடங்குவதில்லை. பாளையிலிருந்து முதல் சொட்டு விழும்போதே தொடங்கிவிடுகிறது. பழைய பானையின் உட்சுவரில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் குடியிருக்கின்றன, ராத்திரி முழுக்க மரத்திலேயே வேலை நடக்கிறது. பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் அந்த வேலை தடைப்பட்டுப் பதநீர் கிடைப்பது இதனால்தான். கள்ளில் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கும் பெரிய பங்கு உண்டு. சர்க்கரையைச் சாராயமாக்கும் வேகத்தில் அது ஈஸ்ட்டையே மிஞ்சும். போதாததற்கு நம் ஊர் 30 டிகிரி.

உணவும் வேறு. பதநீரில் இருப்பது பெரும்பாலும் நாம் காபியில் போடும் அதே சுக்ரோஸ், ஈஸ்ட் அதைச் சட்டென்று உடைத்துச் சாப்பிடும். மால்ட் சாற்றில் அதிகம் இருப்பது மால்டோஸ். ஈஸ்ட் முதலில் குளுக்கோஸைத் தேடித் தின்னும், அது தீர்ந்ததும் மால்டோஸ், மால்டோட்ரையோஸ் கடைசியில். பந்தி மாறும் இடத்தில் சில சமயம் கொஞ்சம் தயங்கி நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கள்ளை யாரும் முடியும்வரை விடுவதில்லை. நடுவிலேயே குடித்துவிடுகிறீர்கள். மறுநாளுக்கு வைத்தால் புளித்துக் காடியாகும். பீரை ஐந்தாம் நாள் முடித்து, தெளிய வைத்து, மாதக்கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைப் பக்கம் பஸ்ஸில் போனால் மொலாசஸ் வாடை மூக்கைத் துளைக்கும். அந்த மொலாசஸைச் சாராய ஆலைகள் 32, 34 டிகிரியில் வைத்து ஒன்றரை நாளில் புளிக்கவைத்து முடித்துவிடும். வடித்துப் பிரிக்கப்போவதால் ருசியைப் பற்றிக் கவலையில்லை. ஏலில் ஈஸ்ட் விட்டுப்போன எல்லாமே டம்ளருக்கு வரும், அதனால் கடிவாளம் போட்டு ஓட்டுகிறோம்.

கேள்வி: சார், பெங்களூரில் ஒரு மைக்ரோப்ரூவரியில் பயிற்சியில் இருக்கிறேன். ரிஃப்ராக்டோமீட்டரில் முதல் நாள் சர்க்கரை 12.4 பிரிக்ஸ் (ஏறக்குறைய சதவீதம்). ஐந்தாம் நாளிலிருந்து 6.3இலேயே நிற்கிறது. அதை அடர்த்தியாக மாற்றும் சார்ட்டில் பார்த்தால் 1.025. ஈஸ்ட் மாட்டிக்கொண்டதா? இதே ரெசிபி போன தடவை ஒரு நாள் முன்னதாகவே முடிந்ததே, அது ஏன்?
– ஒரு வாசகர், லாசுப்பேட்டை

பதில்: தம்பி, ஈஸ்ட் மாட்டவில்லை, சார்ட்தான் மாட்டிவிட்டிருக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைச் சொல்கிறது. சாராயமும் ஒளியை வளைக்கும். புளிக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணை நேராகப் படிக்கக் கூடாது. தொடக்க எண்ணையும் சேர்த்துத் திருத்தம் போட்டால் உன் 6.3 ஏறக்குறைய 1.011 ஆகிறது. அதாவது அழகாக முடிந்திருக்கிறது. சந்தேகமிருந்தால் ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார், அதுதான் சாட்சி.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்: மைக்ராஸ்கோப்பைத் துடை. ஏலுக்கு வழக்கமான கணக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (பிரிக்ஸ் மாதிரியே ஒரு சர்க்கரை அளவு) 7.5 லட்சம் உயிருள்ள செல்கள். உன் 12.4க்குச் சுமார் 93 லட்சம். போன தடவை தொட்டியிலிருந்து அள்ளிய ஸ்லரி, அதாவது ஈஸ்ட் கூழ், கெட்டியாக இருந்து, இந்தத் தடவை நீர்த்திருந்தால், அதே வாளி அளவு ஊற்றினாலும் எண்ணிக்கை பாதியாகலாம். அதில் எத்தனை உயிரோடிருக்கின்றன என்பது அடுத்தது. மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால் செத்த செல் நீலமாகும், உயிருள்ளது நிறமற்று இருக்கும். பத்தில் ஒன்று நீலம் என்றால் நான் முகம் சுளிப்பேன், இரண்டு என்றால் அந்த ஸ்லரியைத் தொட மாட்டேன்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் சாற்றில் ஆக்சிஜன் போனதா பார், ஏலுக்கு 8 முதல் 10 பிபிஎம் வேண்டும். அதுவும் சரி என்றால் வெப்பமானி. அறை வெப்பத்தைச் சொல்லாதே, தொட்டிக்குள் எவ்வளவு? புளிக்கும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்பும், குளிர்விக்காத தொட்டி அறையைவிடச் சில டிகிரி மேலே போகும். போன தடவை 22, இந்தத் தடவை 19 என்றால் ஒரு நாள் வித்தியாசத்துக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் அடர்த்தி, வெப்பம், பி.எச். மூன்றையும் கிராஃப் தாளில் குறி. இரண்டு தொகுதிகளின் கோட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளக்குக்கு நேரே பிடித்தால் எங்கே பிரிந்தது என்று கண்ணுக்கே தெரியும். முதல் நாளே பிரிந்திருந்தால் எண்ணிக்கையைச் சந்தேகி, மூன்றாம் நாளுக்கு மேல் பிரிந்தால் வெப்பத்தை. பி.எச். அளவையே 1909இல் உருவாக்கியவர் சோரன்சன், கோபன்ஹேகனில் பீர் ஆலை நடத்திய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில். நம் தொழில் உலகத்துக்குக் கொடுத்ததை உன் மேனேஜருக்கும் ஒருமுறை சொல்லிவை.

கேள்வி: வீட்டு மாடியில் நானும் செய்து பார்க்கலாமா? மே மாத வெயிலில் சீக்கிரம் முடிந்துவிடும் அல்லவா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. முள்ளோடை தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் வந்தாலும் 1970ஆம் ஆண்டு கலால் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் பீர் தயாரிக்க முடியாது. சொந்தக் குடிக்குத்தான் என்ற வாதமும் எடுபடாது.

வெயில் பற்றிய எண்ணத்தையும் திருத்திவிடுகிறேன். 34 டிகிரியில் சாதாரண ஏல் ஈஸ்ட் வேகமாகத்தான் முடிக்கும், கூடவே ஃப்யூசல் என்ற கனமான ஆல்கஹால்களையும் உண்டாக்கும். தின்னர் வாசனை, தொண்டை எரிச்சல். நார்வே கிராமங்களில் க்வைக் என்று பரம்பரையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட் மட்டும் விதிவிலக்கு. 35 டிகிரியிலும் ருசி கெடாமல் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். குளிர் நாட்டில் பிறந்து நம் ஊர் வெயிலைத் தாங்கும் ஒன்று! ஆனால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ஈஸ்ட்டின் வேகத்தை வகுப்பறையிலேயே அளந்து காட்ட வேண்டும். பலூன் கட்டிப் பார்த்தோம், ஒன்று ஊதியது, ஒன்று ஊதவில்லை. வேறு வழி உண்டா?
– ஓர் அறிவியல் ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பலூன் ரப்பர் விறைப்பாக இருந்தால் ஏமாற்றும், டீச்சர். எடை போடுங்கள். ஈஸ்ட் தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய பாதி எடை கரியமில வாயுவாகப் பறந்துவிடும், பாட்டில் இலேசாகிக்கொண்டே போகும். அந்தக் குறைவுதான் வேகம்.

நான்கு பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் 200 மில்லி தண்ணீர், 20 கிராம் சர்க்கரை, பேக்கரியில் விற்கும் உலர் ஈஸ்ட் 5 கிராம். வாயில் தளர்வாகப் பஞ்சு. ஒன்றை ஐஸ் தண்ணீரிலும், ஒன்றை மேசையிலும், ஒன்றை 38 டிகிரி வெந்நீர்த் தொட்டியிலும் வையுங்கள். நான்காவதில் ஈஸ்ட் போடும்போதே தண்ணீர் 65 டிகிரி இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, 0.1 கிராம் காட்டும் தராசில் வையுங்கள். 20 கிராமும் முழுசாகத் தீர்ந்தால் 10 கிராம் வரை குறையும், ஒரு பீரியடில் அவ்வளவு போகாது, ஆனால் வெந்நீர்த் தொட்டிப் பாட்டில் மற்றவற்றை முந்துவது தெரிந்துவிடும். ஈஸ்ட் போடாத ஐந்தாவது பாட்டிலையும் வெந்நீர்த் தொட்டியிலேயே வைத்தால், ஆவியாகிப் போகும் தண்ணீர் எவ்வளவு என்று கழித்துக்கொள்ளலாம்.

65 டிகிரியில் போட்ட ஈஸ்ட் செத்துவிடும், அந்தப் பாட்டில் அசையாது. அப்போது பிள்ளைகளில் ஒருவராவது "உயிர் இருந்தால்தான் புளிக்குமா?" என்று கேட்பார்கள். 1857இல் பாஸ்டர் ஆமாம் என்றார். 1897இல் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, செல்லே இல்லாத சாற்றாலும் சர்க்கரையைப் புளிக்கவைத்துக் காட்டினார். என்சைம் என்ற பாடத்தை அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.

பஞ்சுக்குப் பதிலாக மூடியை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். பீரியட் முடிந்ததும் எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டித் தண்ணீர் விட்டுவிடுங்கள், கடைசி பெஞ்சுக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.